காத்திருப்பது வானிலா, தரையிலா?

புகைவண்டிக்கு நிற்கத் தெரியும். நிலையத்தில் இடம் ஒழியாவிட்டால் வெளிக் கைகாட்டிக்கு அப்பால் வயல்வெளியில் நின்றுவிடும். பிரயாணிகளுள் சிலர் இறங்கிக் காலாற நடந்துவிட்டு மறுபடி ஏறிக்கொள்வதும் உண்டு. கப்பலுக்கு நங்கூரம் இருக்கிறது. துறைமுகத்தில் இடமில்லையெனில் வெளிக்கடலில் நாட்கணக்காகக் கிடக்கும். விமானம் ஒன்றுதான் வழியில் நிற்க அறியாத வாகனம். இறங்கும் இடம் தயாராக இல்லையென்றால் அது வட்டமிட்டுக்கொண்டிருக்க வேண்டும். வட்டமிடும் ஒவ்வொரு நிமிஷமும் எரிபொருள் குறைகிறது. குறைந்ததை நடுவானில் நிரப்பிக்கொள்ளும் வசதி பிரயாணி விமானத்துக்குக் கிடையாது.

ஒரு விமான நிலையத்தில் மணிக்கு எத்தனை விமானங்கள் இறங்கலாம் என்பது, பாலத்தின் அகலத்தைப்போல ஒருமுறை அளந்து பலகையில் எழுதிவிடக்கூடிய கணக்கன்று. வானம் தெளிந்திருந்தால் ஒரு கணக்கு. மேகம் தாழ்ந்தால் வேறொரு கணக்கு. காற்றின் திசை மாறினால் மற்றொன்று. மூடுபனி கவிந்தால் சில சமயம் கணக்கு பூஜ்யத்துக்கே வந்துவிடுகிறது. இதிலுள்ள இடர்ப்பாடு யாதெனில், சென்னையிலிருந்து டில்லிக்கு விமானம் வந்து சேர ஏறத்தாழ மூன்று மணி நேரம் ஆகும். ஆதலின், மூன்று மணி நேரம் கழித்து டில்லியின் வானம் எவ்வாறிருக்கும் என்பதை அறியாத நிலையிலேயே, ‘புறப்படு’ என்றோ ‘பொறு’ என்றோ ஒருவர் சொல்லியாக வேண்டும். அதனை யார் சொல்வது, எக்கணக்கைக் கொண்டு சொல்வது என்பதை உலகம் சிறுகச் சிறுகத்தான் கற்றது. சில பாடங்களுக்கு உயிர்களையே விலையாகக் கொடுத்தது.

ஆரம்ப காலத்தில் இப்பிரச்சினை எவர் கண்ணிலும் படவில்லை. விமானங்கள் சிலவே, வானமோ விரிந்தது. லண்டனுக்கு அருகிலுள்ள கிராய்டன் நிலையத்தில் 1920-இல் ஒரு கட்டுப்பாட்டுக் கோபுரம் எழுந்தது. 1929-இல் அமெரிக்காவின் செயின்ட் லூயி நகரில் ஆர்ச்சி லீக் என்பவர் ஒரு தள்ளுவண்டியில் நாற்காலி, குடை, இரு கொடிகள் ஆகியவற்றை வைத்து உருட்டிக்கொண்டு ஓடுபாதையின் ஓரத்துக்குச் சென்று அமர்வார். கட்டம் போட்ட கொடி அசைந்தால் ‘வரலாம்’. சிவப்புக் கொடி அசைந்தால் ‘பொறு’. அன்றைய போக்குவரத்துக்கு அது போதுமானதாக இருந்தது.

1935 டிசம்பரில், நியூயார்க்குக்கு அருகிலுள்ள நியூவர்க்கில், விமானக் கம்பெனிகள் தாமாகவே கூடி ஒரு நிலையத்தை அமைத்தன. கரும்பலகை ஒன்று, தேசப்படம் விரித்த மேஜை ஒன்று, படத்தின்மேல் நகர்த்துவதற்குச் சில அடையாளக் கட்டைகள் – இவ்வளவே அதன் சாதனங்கள். விமானியோடு நேராகப் பேச அங்கிருந்தவர்களால் இயலாது. கம்பெனி அலுவலகத்துக்குத் தொலைபேசியில் சொல்வர், அங்கிருந்து ரேடியோவில் விமானிக்குச் செய்தி போகும். 1936 ஜூலையில் அமெரிக்க சர்க்கார் இந்த வேலையைத் தன் கையில் எடுத்துக்கொண்டது. வரும் விமானங்களை ஓரிடத்தின்மேல் ஒன்றன்மேல் ஒன்றாக, ஆயிரம் அடி இடைவெளி விட்டு அடுக்கி வைத்து, அடியிலுள்ளது இறங்க இறங்க மற்றவற்றை ஒவ்வொரு படியாகக் கீழே கொண்டுவரும் முறையும் பழக்கத்துக்கு வந்தது. அடுக்கு என்றே அதனை நாம் அழைக்கலாம். நல்ல ஏற்பாடுதான்; அடுக்கில் ஏறும் விமானங்களைவிட இறங்கும் விமானங்கள் குறையாமல் இருக்கும்வரையில்.

குறைந்தால் என்ன ஆகும் என்பதை 1948-ஆம் ஆண்டு பெர்லின் காட்டியது. அவ்வாண்டு ஜூன் மாதத்தில் மேற்கு பெர்லினுக்குச் செல்லும் தரை, நீர் வழிகளைச் சோவியத் ராணுவம் அடைத்தது. இருபது லட்சத்துக்கு மேற்பட்ட மக்களுக்கு மாவும் நிலக்கரியும் வான்வழியேதான் சென்றாக வேண்டும். நாளொன்றுக்கு ஏறத்தாழ 4,500 டன் தேவை என்று கணக்கிடப்பட்டது. நகரத்துக்குச் செல்ல மூன்று வான்பாதைகளே உண்டு. ஒவ்வொன்றின் அகலமும் இருபது மைல். அமெரிக்க விமானங்கள் இறங்கிய டெம்பல்ஹாஃப் நிலையமோ அடுக்குமாடி வீடுகளால் சூழப்பட்டது.

இம்முயற்சியின் தலைமையை ஜூலை இறுதியில் ஏற்றவர் ஜெனரல் வில்லியம் டன்னர். இவருக்கும் நம் நாட்டுக்கும் தொடர்புண்டு. இரண்டாம் உலக யுத்தத்தின்போது, 1944 முதல், அஸ்ஸாமிலிருந்து இமயத்தின் கிழக்குத் தொடரைத் தாண்டிச் சீனத்துக்குச் சரக்கு ஏற்றிச் சென்ற விமானப்படைப் பிரிவை நடத்தியவர் அவரே. உலகத்தின் மிகக் கொடிய பருவநிலைகளுள் ஒன்றில் நூற்றுக்கணக்கான விமானங்களை நாள்தோறும் நடத்திப் பழகியவர்.

அப்படிப்பட்டவரே ஆகஸ்டு 13-ஆம் தேதி, வெள்ளிக்கிழமையன்று, பெர்லின் வானில் சிக்கிக்கொண்டார். மேகம் வீட்டுக் கூரை அளவுக்குத் தாழ்ந்திருந்தது. மழையால் ரேடார் திரை தெளிவிழந்தது. ஒரு விமானம் ஓடுபாதையின் எல்லையைக் கடந்து விழுந்து தீப்பற்றியது. அதன் பின்னால் வந்தது, அதன்மேல் மோதாமலிருக்க அழுத்திப் பிரேக் போட்டதில் சக்கரங்கள் வெடித்து நின்றது. இன்னொன்று கட்டி முடியாத மற்றொரு பாதையில் இறங்கிச் சுழன்று நின்றது. கீழே இவ்வாறிருக்க, மூன்று மூன்று நிமிஷத்துக்கு ஒன்றாக விமானங்கள் மேற்கேயிருந்து வந்துகொண்டே இருந்தன. 3,000 அடியிலிருந்து 12,000 அடிவரை அடுக்கு வளர்ந்தது. ஒன்றையொன்று காணமுடியாத மேகத்துக்குள், சரக்கு நிரம்பிய விமானங்கள், சோவியத் எல்லைக்குள் வழிதவறிவிடக் கூடாதே என்ற அச்சத்தோடு, குறுகிய வட்டத்தில் சுற்றிக்கொண்டிருந்தன. அந்த அடுக்கில் டன்னரின் விமானமும் ஒன்று.

அவர் ரேடியோவில் தம் பெயரைச் சொல்லி ஆணையிட்டார்: அடுக்கிலுள்ள எல்லா விமானங்களையும் அவையவை புறப்பட்ட இடத்துக்கே திருப்பி அனுப்புக. கட்டுப்பாட்டு நிலையத்திலிருந்தவர் நம்பமுடியாமல், மறுபடி சொல்லுமாறு கேட்டாராம்.

அன்றுமுதல் விதிகள் மாறின. மேகமிருந்தாலும் வெயிலிருந்தாலும் விமானங்கள் கருவிகளைக் கொண்டே, ஒரே வேகத்தில், ஒரே இடைவெளியில் வரவேண்டும். முதல் முயற்சியில் இறங்க முடியாத விமானம் இரண்டாம் முறை முயலக் கூடாது. சரக்கோடு நடுப்பாதை வழியே திரும்பிப் போய், மறுபடி வரிசையில் சேர வேண்டும். அமெரிக்காவிலிருந்து அனுபவமுள்ள கட்டுப்பாட்டு அதிகாரிகள் வரவழைக்கப்பட்டார்கள். 1949 ஏப்ரல் 15, 16 தேதிகளில் இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் 1,398 விமானங்கள் 12,941 டன் சரக்கைக் கொண்டுவந்து சேர்த்தன. மே 12-ஆம் தேதி முற்றுகை விலக்கப்பட்டது.

டன்னர் கண்டுகொண்டது சிறிய செய்திபோலத் தோன்றலாம்: வானில் அடுக்கு சேரும்படி விடுவதே தவறு, இறங்கும் திறனுக்கு ஏற்பப் புறப்பாட்டை அளக்க வேண்டும். எனினும் அவருக்கிருந்த வசதிகளை நாம் மறந்துவிடலாகாது. விமானங்கள் அனைத்தும் ஒருவர் ஆணைக்குக் கட்டுப்பட்டவை. திரும்பிப்போன நிலக்கரி மூட்டை முறையிடாது. தனித்தனிக் கம்பெனிகளின் விமானங்களில், சீட்டுக்குப் பணம் கொடுத்த மனிதர்கள் அமர்ந்திருக்கும்போது, ‘திரும்பிப் போ’ என்று சொல்வது அவ்வளவு எளிதன்று. அமைதிக்கால வானம் அப்பாடத்தைக் கற்க மேலும் ஐம்பது ஆண்டுகள் எடுத்துக்கொண்டதன் காரணம் இதுவே.

அந்த ஐம்பது ஆண்டுகளின் முற்பகுதியை விரைந்து கடந்துவிடலாம். 1960-களில் ஜெட் விமானங்கள் பெருகி, நியூயார்க் நகரைச் சுற்றிப் பெருநெரிசல் உண்டாயிற்று. 1970-இல் அமெரிக்க சர்க்கார் வாஷிங்டனில் ஒரு மத்திய நிலையம் அமைத்து, நாடு முழுவதன் விமான ஓட்டத்தையும் ஓரிடத்திலிருந்து கண்காணிக்கத் தலைப்பட்டது. 1973-இல் எண்ணெய் நெருக்கடி வந்தபோது, வானில் எரியும் எரிபொருளின் விலையை எண்ணி, விமானங்களைத் தரையிலேயே நிறுத்திவைக்கும் முறை வலுப்பெற்றது. 1981 ஆகஸ்டில் கட்டுப்பாட்டு அதிகாரிகள் வேலைநிறுத்தம் செய்ய, ஜனாதிபதி ரீகன் பதினோராயிரத்துக்கு மேற்பட்டோரை வேலையிலிருந்து நீக்கினார். மிஞ்சிய சிலரைக் கொண்டு வானத்தைக் காப்பதற்குத் தரைக் காத்திருப்பைவிட வேறு வழியில்லை. ஆக, உயிர்ச் சேதத்தைக் காட்டிலும் எண்ணெய் விலையும் தொழிற்சங்கப் பிணக்கும் இம்முறையை நிலைநிறுத்தின என்று கூறுவது பொருந்தும்.

ஆனால் தரையில் நிறுத்துவதற்கும் ஒரு கணக்கு வேண்டுமல்லவா? அக்கணக்கு தவறினால் என்ன ஆகும்? 1990 ஜனவரி 25-ஆம் நாள் இதற்கு விடை சொல்லியது. கொலம்பியா நாட்டிலிருந்து நியூயார்க்கின் கென்னடி நிலையத்துக்கு அவியாங்கா கம்பெனியின் போயிங் 707 விமானம் ஒன்று 158 பேருடன் வந்துகொண்டிருந்தது. அன்று நியூயார்க்கில் மேகமும் பலத்த காற்றும். கென்னடியில் மணிக்கு 33 விமானங்கள் இறங்கலாம் என்று மத்திய நிலையம் மதிப்பிட்டு, அதற்கேற்ப உள்நாட்டு விமானங்களைத் தரையில் நிறுத்தியிருந்தது. மதிப்பீடு கூடிவிட்டது. பல விமானங்கள் முதல் முயற்சியில் இறங்க முடியாமல் மேலெழுந்து மறுபடி வரிசைக்கு வந்தன. வெளிநாட்டிலிருந்து வரும் விமானங்களோ தரை நிறுத்தத்துக்குக் கட்டுப்பட்டவை அல்ல. அவை வந்துகொண்டே இருந்தன.

அவியாங்கா விமானம் மூன்று இடங்களில் மொத்தம் 77 நிமிஷங்கள் வட்டமிட வைக்கப்பட்டது. பிறகு இறங்க முயன்றபோது காற்றின் திடீர் மாற்றத்தால் ஓடுபாதையை எட்ட முடியவில்லை. இரண்டாம் முயற்சிக்குத் திரும்பும் வழியில், எரிபொருள் தீர்ந்து நான்கு எஞ்சின்களும் ஒன்றன்பின் ஒன்றாக அணைந்தன. லாங் ஐலண்டின் மேட்டு நிலத்தில் விமானம் விழுந்தது. 73 பேர் மாண்டனர்.

விசாரணையில் வெளிப்பட்ட செய்தி ஒன்று நெஞ்சை விட்டு அகல்வதில்லை. எரிபொருள் குறைவு என்று துணை விமானி சொல்லியிருந்தார்; முன்னுரிமை வேண்டும் என்றும் சொல்லியிருந்தார். ஆனால் ‘அபாய நிலை’ என்பதைக் குறிக்கும் அந்த ஒரு சொல்லை அவர் கூறவில்லை. அவருடைய தாய்மொழி ஸ்பானிஷ், பேசியது ஆங்கிலம். முன்னுரிமை என்று சொன்னால் உடனே வழிவிடுவார்கள் என்று அவர் எண்ணியிருக்கக்கூடும். கேட்டவருடைய கையேட்டில் அச்சொல்லுக்கு அந்தக் கனம் இல்லை. சொல்லுக்குச் சொல் வைத்துப் பெயர்ப்பதையே தொழிலாகக் கொண்ட நாம் இதைப் படிக்கும்போதெல்லாம் சற்றே திகைத்து நிற்கிறோம். அகராதியில் அடுத்தடுத்து நிற்கும் இரு சொற்களுக்கு நடுவே எழுபத்துமூன்று உயிர்கள். விசாரணைக் குழு விமானிகள்மேல் முதற்குறை கூறியது. எனினும், விமான ஓட்டத்தை அரசு நிர்வகித்த முறை போதாது என்பதையும், எரிபொருள் நிலையைக் குறிக்கத் தெளிவான பொதுச்சொற்கள் இல்லை என்பதையும் துணைக் காரணங்களாகப் பதிவு செய்தது. 2012-இல் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு அச்சொற்களுக்கு உலகப் பொதுவான பொருளை வரையறுத்தது.

மேற்சொன்ன ‘மணிக்கு 33’ என்ற எண்ணைச் சற்று ஆராய வேண்டும். மூன்று நான்கு மணி நேரத்துக்குப் பின் உள்ள வானத்தைப்பற்றிய எண் அது, அதாவது ஊகம். ஊகத்தை நிச்சயம்போல் ஒற்றை எண்ணாக எழுதிவிட்டால், பிழைக்கு இடம் ஒதுக்க மறந்துவிடுகிறோம். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் பேராசிரியர் அமெடியோ ஓடோனி 1987-இல் இப்பிரச்சினையைக் கணித உருவில் எழுதிக்காட்டினார்: நிலையத்தின் திறன் முன்கூட்டித் தெரியாதபோது, ஒவ்வொரு விமானத்தையும் எவ்வளவு நேரம் தரையில் நிறுத்துவது? அதன்பின் எழுந்த ஆராய்ச்சிகள் பல.

இதற்கு ஏற்ற உரைகல் சான்பிரான்சிஸ்கோ. அங்குள்ள இணையான இரு ஓடுபாதைகளுக்கு நடுவே 750 அடியே இடைவெளி. வானம் தெளிந்திருந்தால் விமானிகள் ஒருவரையொருவர் கண்ணால் பார்த்துக்கொண்டு ஜோடியாக இறங்கலாம். மணிக்கு ஏறத்தாழ 60. கோடைகாலக் காலை வேளைகளில் பசிபிக் கடலிலிருந்து தாழ்ந்த மேகப்படலம் வந்து மூடிக்கொள்ளும். அப்போது ஒரே வரிசைதான். மணிக்கு ஏறத்தாழ 30. வெயில் ஏற ஏற மேகம் கரைந்துவிடும். எப்போது கரையும் என்பதுதான் கேள்வி.

பத்து மணிக்குக் கரையும் என்று நம்பி, அந்நேரத்துக்கு மணிக்கு அறுபது விமானங்கள் வந்து சேரும்படி அனுப்பிவிட்டோம் என்று கொள்வோம். பன்னிரண்டு மணிவரை கரையவில்லையென்றால், மணிக்கு முப்பது வீதம் அறுபது விமானங்கள் வானில் மிஞ்சும். வட்டமிட வேண்டும், அல்லது வேறு ஊருக்குத் திருப்ப வேண்டும். மாறாக, பன்னிரண்டுக்குத்தான் கரையும் என்று அஞ்சி அடக்கிவைத்தோம். மேகமோ பத்து மணிக்கே விலகிவிட்டது. இப்போது அறுபது விமானங்கள் இறங்கக்கூடிய நேரம் வெறுமையாகக் கழிந்துபோகிறது. ஓடுபாதையின் நேரம் தண்ணீரைப்போல அணையில் தேக்கி வைக்கக்கூடியதன்று. பயன்படாத நிமிஷம் போனது போனதுதான்.

இரண்டு பிழைகளும் ஒரே எடையுடையன அல்ல. வானில் காத்திருக்கும் நிமிஷம், தரையில் காத்திருக்கும் நிமிஷத்தைவிடச் செலவும் அபாயமும் மிக்கது. ஆதலின் சற்றே அஞ்சி நடப்பது நியாயம். எவ்வளவு அஞ்சுவது என்பதில்தான் திறமை இருக்கிறது. அதற்கு ஓர் உபாயமும் கண்டார்கள். நியூயார்க்கிலிருந்து வரும் விமானம் ஐந்து மணி நேரத்துக்கு மேல் பறக்க வேண்டும். அதன் புறப்பாட்டு நேரத்தில் சான்பிரான்சிஸ்கோவில் பொழுதே விடிந்திராது. அதை நிறுத்தி வைத்து, பின்னர் மேகம் சீக்கிரம் விலகிவிட்டால், அந்தக் காத்திருப்பு முழுவதும் வீண். அருகிலுள்ள லாஸ் ஏஞ்சலிஸ் விமானத்தையோ, ‘வானம் தெளிந்தது, வா’ என்று அழைத்தால் ஒன்றரை மணி நேரத்துக்குள் வந்துவிடும். ஆகவே தூரத்து விமானங்களை விட்டுவிட்டு, அருகிலுள்ளவற்றை மட்டும் நிறுத்தினார்கள். கணக்கு வகையில் இது சிறந்த முறை. நீதி வகையில்? குறுந்தொலைவுப் பிரயாணிகளே எப்போதும் மற்றவர்களின் பாரத்தையும் சுமக்கிறார்கள். இக்குறை இன்றுவரை முற்றும் தீர்ந்தபாடில்லை.

தீர்ந்தது வேறொரு குறை. அதுவே இவ்வரலாற்றில் நமக்கு மிகவும் பிடித்த பகுதி. 1990-களின் நடுப்பகுதி வரையில் அமெரிக்கக் கம்பெனிகள் தம் விமானங்களைப்பற்றிய உண்மைகளை மத்திய நிலையத்துக்குச் சரிவரச் சொல்வதில்லை. காரணம் விதியில் இருந்தது. ஒரு விமானம் எஞ்சின் பழுதால் ஒரு மணி நேரம் பிந்தும் என்று கம்பெனி அறிவித்தால், அந்தப் பிந்திய நேரத்தை ஆரம்பமாகக் கொண்டு அதன்மேல் மறுபடியும் தாமதத்தை ஏற்றினார்கள். ஒரு பிரயாணத்தை ரத்து செய்ததாகச் சொன்னால் அதற்குரிய இறங்கும் நேரமே கம்பெனியின் கையைவிட்டுப் போய்விடும். உண்மை சொன்னவனுக்கு இரட்டைத் தண்டனை. வாய் மூடியிருந்தவனுக்கு லாபம். விளைவு: வராத விமானங்களுக்காக ஓடுபாதை காத்திருந்தது, வரக்கூடிய விமானங்கள் தரையில் காத்திருந்தன.

1998 ஜனவரியில் சான்பிரான்சிஸ்கோவிலும் நியூவர்க்கிலும் புதிய முறை சோதனையாகத் தொடங்கப்பட்டது. இறங்கும் நேரங்கள் முதலில் வெளியிட்ட கால அட்டவணைப்படியே பங்கிடப்படும். பின்னர் தாமதத்தையோ ரத்தையோ அறிவிப்பதால் பங்கு குறையாது. ஒரு கம்பெனி தனக்குக் கிடைத்த நேரத்தைப் பயன்படுத்த இயலாவிடில், அதனை மேலே வரக்கூடிய மற்றொரு விமானத்துக்குக் கொடுத்து, பதிலாகத் தன் விமானம் வரத்தக்க வேறு நேரத்தைப் பெறும். எந்த விமானத்தை முன்னே விடுவது, எதைப் பின்னே தள்ளுவது என்பதைத் தன் பங்குக்குள் கம்பெனியே தீர்மானிக்கலாம். உபதேசம் செய்து யாரையும் யோக்கியராக்கவில்லை. உண்மை சொல்வதால் நஷ்டம் வராதபடி விதியை மாற்றினார்கள், உண்மை வந்தது.

நம் நாட்டுக்கு வருவோம். டில்லியில் வசிக்கும் தமிழர்களுக்கு மார்கழி, தை மாதங்களின் மூடுபனியை விவரிக்கத் தேவையில்லை. நள்ளிரவுக்குமேல் அடர்ந்து, காலையில் நெடுநேரம் நின்று, வெயில் ஏறியபின் விலகும். சான்பிரான்சிஸ்கோ மேகத்துக்கும் இதற்கும் ஒரு வேறுபாடு உண்டு. பனி மிக அடர்ந்தால் அதற்கென்று அமைந்த கருவிகள் கொண்ட ஓடுபாதையும், அக்கருவிகளுக்கேற்ற விமானமும், அதற்கெனப் பயிற்சி பெற்ற விமானிகளும் மூன்றும் ஒன்றுசேர்ந்தால்தான் இறங்க முடியும். ஆகவே அந்த வேளையில் டில்லியின் திறன் வானத்தை மட்டும் பொறுத்ததன்று; வந்துகொண்டிருப்பவர் யார் என்பதையும் பொறுத்தது. புனேயிலுள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆராய்ச்சி நிலையம் 2015–16 குளிர்காலம் தொடங்கி டில்லி விமான நிலையத்திலேயே கருவிகளை வைத்து மூடுபனியின் பிறப்பையும் மறைவையும் அளந்து, முன்னறிவிப்பைத் திருத்தி வருகிறது. பம்பாயின் இடர் வேறு விதம்: அங்கே இரு ஓடுபாதைகளும் குறுக்கே வெட்டிக்கொள்வதால், ஒரு நேரத்தில் ஒன்றையே பயன்படுத்த வேண்டியிருக்கிறது, மழைக்காலத்தில் அதன் கணக்கும் தடுமாறும்.

இவற்றையெல்லாம் ஒருங்கே பார்க்க, இந்திய விமான நிலைய ஆணையம் 2017-இல் டில்லியில் மத்திய நிலையம் ஒன்றைத் தொடங்கியது. ஒரு நிலையத்தின் திறன் குறையும் என்று கண்டால், அங்குச் செல்லவிருக்கும் உள்நாட்டு விமானம் ஒவ்வொன்றுக்கும் புறப்பாட்டு நேரம் கணக்கிட்டு அனுப்பப்படுகிறது. லண்டனிலிருந்து வரும் விமானம் முன்னிரவிலேயே கிளம்பிவிட்டது; அதை நிறுத்த வழியில்லை. சென்னை, லக்னோ, ஜெய்ப்பூர் விமானங்களை நிறுத்தலாம். ஆகவே அவை நிற்கின்றன.

மீனம்பாக்கத்தில் வெயில் அடிக்கும்போது ‘மோசமான வானிலையால் தாமதம்’ என்று அறிவித்தால், ஜன்னல் வழியே வெளியே பார்க்கும் பிரயாணி அதனை நம்புவதில்லை. கவுன்டரில் நிற்கும் பெண்ணோடு சண்டைக்குப் போகிறார். ‘டில்லியில் பனி, அங்கு இறங்க இவ்விமானத்துக்குக் கிடைத்த நேரம் பதினொன்றே கால், அதற்கேற்ப எட்டரைக்குப் புறப்படும், பனி முன்னதாக விலகினால் நேரம் மாறலாம்’ என்று, தமிழிலும் இந்தியிலும், ஒலிபெருக்கியில் சொல்வதற்கு அரை நிமிஷம் போதும். கணக்கு அவர்களிடம் ஏற்கெனவே இருக்கிறது.